விடை சொல்லும் கடன்

அரியலூரை அடுத்து ஓடும் மருதையாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போதுதான் அது ஓர் ஆறு என்பது பலருக்கு நினைவுக்கு வரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் விடியற்பொழுதில், வெள்ளத்தின் அரிப்புக்கு ஆளாகியிருந்த அந்த ஆற்றுப் பாலத்தருகே, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு இரயில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அப்போது அரியலூர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறிய ஊர். நாட்டில் பலருக்கு அதன் பெயர் தெரிய வந்ததே இத்துயரச் செய்தியால்தான்.

அந்நாளில் மத்திய இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகல் மடலைக் கொடுத்தார். அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் ஏற்றார். ஏற்றபோது, விபத்துக்குச் சாஸ்திரியே காரணம் என்று தாம் கருதவில்லை என்பதையும், அரசியலமைப்பு நெறிக்கு ஒரு முன்மாதிரி இருத்தல் வேண்டும் என்பதையும் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

சாஸ்திரி அந்த வண்டியை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை, மழையைப் பெய்விக்கவும் இல்லை. குற்றம் என்பதும் பொறுப்பு என்பதும் இருவேறு சொற்கள் என்று குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பில் நமக்குக் கற்பித்தார்கள். குற்றம் செய்தவன் தண்டனைக்கு உரியவன். பொறுப்பில் இருப்பவனோ, தான் ஒரு குற்றமும் செய்யாதபோதும், பாதிக்கப்பட்டவர் வந்து கேட்டால் விடை சொல்லக் கடன்பட்டவன். அன்று மாண்டோரின் குடும்பத்தார், "யாரைக் கேட்பது?" என்று அலைய வேண்டியிருக்கவில்லை. "என்னைக் கேளுங்கள்" என்று ஒருவர் எழுந்து நின்றார்.

இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைவது இதைத்தான். சட்டம் இயற்றுவோர், ஆட்சி நடத்துவோர், நீதி வழங்குவோர் என்று அரசின் அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ள நாட்டில், விடை சொல்லும் கடனும் மூன்றாகப் பிரிந்து, ஒருவர் கையிலும் அகப்படாமல் போய்விடுமா? 1956-இல் இவ்வினா அரியலூரில் எழவில்லை. 2017-இல் அதே மாவட்டத்தில் எழுந்தது. அதைக் கூறுமுன், அதிகாரத்தை ஏன் பிரித்தார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

தமிழ் வாசகருக்கு இதற்கு மேல்நாட்டு நூல் எதுவும் தேவையில்லை, சிலப்பதிகாரமே போதும். பாண்டியனின் அவையில் பொற்கொல்லன் குற்றம் சாட்டுகிறான். அதைக் கேட்கிறவனும் அரசன், தீர்ப்பவனும் அரசன், தண்டனைக்கு ஆணையிடுகிறவனும் அரசன். சாட்சி விசாரணை இல்லை. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. கோவலன் மாண்டபின்தான் கண்ணகியின் சிலம்பு சாட்சியாக வருகிறது. அந்த அரசன் கொடியவன் அல்லன். தன் பிழை தெரிந்த அந்நொடியிலேயே உயிர் விட்ட நேர்மையாளன். நல்லவன் ஒருவன் கையிலும் முழு அதிகாரமும் ஒன்றாய்த் திரண்டிருந்தால் என்ன நேரும் என்பதற்கு அக்காப்பியம் சான்று. தீயவனைக் கட்டுப்படுத்த மட்டுமே அதிகாரப் பிரிவினை தோன்றியது என்று பலர் எழுதுகிறார்கள். நல்லவனின் அவசரத்துக்கும் அதுவே காப்பு என்பது நம் கருத்து.

பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியு 1748-இல் வெளியிட்ட சட்டங்களின் உட்பொருள் பற்றிய நூலில் இக்கொள்கையை விரித்துரைத்தார். 1751-இல் அந்நூல் நம் திருச்சபையின் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 'நூறாம் ஆண்டு' என்னும் தம் சுற்றுமடலில், ஓர் அதிகாரம் தன் எல்லைக்குள் நிற்க மற்ற அதிகாரங்கள் அதனைச் சமன்படுத்துவதே விரும்பத்தக்கது என்றும், தனி மனிதரின் விருப்பமன்றிச் சட்டமே ஆள வேண்டும் என்றும் கற்பித்தார். திருச்சபை மெல்லத்தான் நடக்கும். நடக்காது என்று சொல்ல முடியாது.

நம் வீட்டின் நிலை வேறு. மறைமாவட்டத்தில் சட்டமியற்றும் அதிகாரம், ஆளும் அதிகாரம், நீதி வழங்கும் அதிகாரம் மூன்றும் ஆயர் ஒருவரிடமே உள்ளன. எனினும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகிறது. ஆளுகையில் ஆயருக்கு உதவும் முதன்மைக் குருவும், நீதி வழங்குவதில் அவருக்கு உதவும் குருவும், மறைமாவட்டம் மிகச் சிறியதாகவோ வழக்குகள் மிகக் குறைவாகவோ இருந்தாலன்றி, ஒரே ஆளாக இருத்தல் ஆகாது என்கிறது. ஒரே கூரையின் கீழும் தனித்தனி அறைகள் வேண்டும் என்று நம்மவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். இச்சட்டத் தொகுப்புக்குப் பின்னர் மீண்டும் வருவோம். நம் வாதத்துக்கு வேண்டிய ஒரு பொருள் அதில் இருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்துக்கு மாறான சட்டத்தையும் ஆணையையும் செல்லாதவை என்று அறிவிக்கும் அதிகாரம் நம் நாட்டில் உயர்நீதிமன்றங்களுக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் உண்டு. இதையே நீதிமுறை மறு ஆய்வு என்கிறோம். குடியரசு மலர்ந்த அதே ஆண்டில் இது தமிழ் மண்ணைத்தான் முதலில் உலுக்கியது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை அரசின் ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்னும் பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1950-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அவ்வாணை செல்லாது என்றன. தமிழகம் கொதித்தது. அதே 1951 ஜூனில் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை நிறைவேற்றி, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழி திறந்தது. நீதிமன்றம் 'இல்லை' என்றது. ஏன் இல்லை என்பதையும் எழுதிக் காட்டியது. அந்தக் காரணத்தைப் படித்த நாடாளுமன்றம் அதற்கு விடையாக ஒரு திருத்தத்தை எழுதியது. இரண்டே மாதங்கள். யார் சொன்னது சரி என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள் என்பதில் வேறுபாடில்லை.

மறு ஆய்வுக்கு எல்லையும் உண்டு. அரியலூர் வட்டாரத்தார் 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டத்துக்கு வந்தனர். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச்சில் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டம். பெயர்ப்பலகை எழுதுவோருக்கு அது நல்ல காலம். இத்தனை மாற்றங்களும் ஆட்சித்துறையின் பேனாவால் நிகழ்ந்தவை. மாவட்டம் ஒன்றாயிருப்பது நல்லதா, இரண்டாயிருப்பது நல்லதா என்பது நீதிபதி தீர்க்கும் வினா அன்று. மக்கள் வாக்குச்சாவடியில் தீர்க்க வேண்டியது.

பெரம்பலூரோடு தொடர்புடைய பெரிய வழக்கொன்றும் இவ்வெல்லையைக் காட்டுகிறது. அத்தொகுதியின் மக்களவை உறுப்பினர் ஆ. இராசா தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது, 2008-இல் வழங்கப்பட்ட 122 அலைக்கற்றை உரிமங்களை உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, இயற்கை வளங்களை வழங்க ஏலம் ஒன்றே வழி என்று அரசியலமைப்பு விதிக்கவில்லை எனவும், வழியைத் தெரிவது ஆட்சித்துறையின் பணி எனவும் அதே நீதிமன்றம் கூறியது. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது; அதன்மேல் வந்த மேல்முறையீட்டை 2024-இல் தில்லி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. 'இச்செயல் முறையற்றது' என்று நீதிபதி சொல்லலாம். 'இதைச் செய்' என்று கொள்கை வகுப்பது அவர் வேலை அன்று. செயல் முறையற்றதா என்னும் வினாவும் மனிதர் குற்றவாளியா என்னும் வினாவும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை.

இனி 2017-க்கு வருவோம்.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்துக் குழுமூர், முந்திரிக்காடும் மானாவாரி நிலமும் சூழ்ந்த பகுதியைச் சேர்ந்த ஊர். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகளான அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றார். பழைய முறைப்படி அது மருத்துவக் கல்லூரிக்குக் கதவைத் திறந்திருக்கும். நீட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண் அதற்குப் போதவில்லை. நீட் தேர்விலிருந்து தமிழகத்துக்கு விலக்கு வேண்டும் என்ற இரு சட்ட முன்வடிவுகளைத் தமிழகச் சட்டமன்றம் அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்றே ஒருமனதாக நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தது. பிப்ரவரி போயிற்று, தேர்வு நடந்தது, முடிவு வந்தது. ஒப்புதலும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்றோருக்கு 85 விழுக்காடு இடங்களை ஒதுக்கிய அரசாணை ஜூலையில் உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஓராண்டு விலக்குக்கான அவசரச் சட்டத்துக்கு ஆகஸ்டு 22 அன்று மத்திய அரசு உச்சநீதிமன்றத்தில் இசைவு மறுத்தது. நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வழக்கில் அனிதாவும் ஒரு தரப்பாகச் சேர்ந்து தில்லிவரை சென்று வந்தவர். செப்டம்பர் 1 அன்று அவர் தம் உயிரை முடித்துக்கொண்டார்.

ஒரு மரணத்தை வாதமாக்குவதை நாம் விரும்பவில்லை. ஓர் இளம்பெண்ணின் உள்ளத்தில் நிகழ்ந்தது இறைவனுக்கே தெரியும். அவருடைய இரக்கத்தில் அவரை ஒப்படைக்கிறோம். நீட் தேர்வு நல்லதா தீயதா என்பதையும் இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை. தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளையைக் காட்டி அதை ஆதரிப்போர் உண்டு. பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட இயலாத சிற்றூர்ப் பிள்ளைகளைக் காட்டி எதிர்ப்போர் உண்டு. இந்த இரு மாவட்டங்களில் பணி செய்கிற நமக்குப் பின்னவர்களின் குரல் நன்றாகவே கேட்கிறது. ஆயினும் நம் வினா வேறு. சட்டமன்றம் ஒருமனதாகக் கேட்டதற்கு விடை எங்கே?

விடை இருந்தது என்பதுதான் வியப்பு. அம்முன்வடிவுகளுக்கு 2017 செப்டம்பர் 18 அன்றே ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது. இச்செய்தியைப் பொதுமக்கள் அறிந்தது 2019 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பதிலின் வழியாக. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இரு அரசுகளின் கோப்புகளில் அம்மறுப்பு உறங்கிக்கிடந்தது. அக்காலத்தில் எத்தனை பெற்றோர் எத்தனை அலுவலக வாயில்களில் நின்றிருப்பர்! சட்டமன்றம், "நாங்கள் நிறைவேற்றி அனுப்பிவிட்டோம்" என்றது. மத்திய அரசு, "பரிசீலனையில் உள்ளது" என்றது. நீதிமன்றம், "நடப்பிலுள்ள சட்டத்தைத்தான் நாம் பார்க்க முடியும்" என்றது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் முறையான கூற்றுதான், ஒன்றும் பொய்யில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கேட்டவருக்கு விடையே இல்லை.

லூக்கா நற்செய்தியின் 23-ஆம் அதிகாரம் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. இயேசுவிடம் குற்றம் ஒன்றும் காணாத பிலாத்து, அவர் கலிலேயர் என்று அறிந்ததும் அவரை ஏரோதிடம் அனுப்புகிறான். ஆட்சி எல்லைப்படி அது சரியே. கலிலேயா ஏரோதுக்கு உட்பட்டது. ஏரோதும் தீர்ப்பு ஒன்றும் சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்புகிறான். இருவரும் ஒருவர் மற்றவரின் எல்லையை மதித்தார்கள். அதுவரை பகைவராயிருந்த இருவரும் அன்று நண்பர்களானார்கள் என்றும் நற்செய்தியாளர் குறித்து வைக்கிறார். பிலாத்து கை கழுவியதைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று மறையுரை ஆற்றுகிறோம். அதற்கு முன்னரே, கோப்பை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பியபோதே, அவன் பாதிக் கையைக் கழுவிவிட்டான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நீதிமன்றத்தை மட்டும் இக்குறையிலிருந்து விலக்கி மேலே வைத்துவிடவும் நாம் விரும்பவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீட் தேர்வைச் செல்லாததாக்கியது. 2016 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2020 ஏப்ரலில், சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும், அது அவர்களுடைய உரிமைக்கு முரணன்று என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். முதல் தீர்ப்பு வந்தபோது நீதித்துறையே நாட்டின் மனச்சான்று என்று போற்றிய நம்மவர் சிலர், கடைசித் தீர்ப்பின்போது நீதிபதிகள் எல்லை மீறுகிறார்கள் என்றனர். நமக்கு உவப்பான தீர்ப்பைத் தருவது நீதிமன்றத்தின் பணி அன்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இம்மூன்று முறையும் நீதிமன்றம் திறந்த அவையில் பேசியது. நூறு பக்கம் தவறாக எழுதினாலும், எழுதியது நம் கையில் கிடைக்கிறது. எந்த வரியில் தவறு என்று காட்டலாம். எழுதப்படாத மறுப்பில் எந்த வரியைக் காட்டுவது?

விடை வாங்குவது இயலாத செயலன்று என்பதற்கு 2020 சான்று. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் முன்வடிவைச் சட்டமன்றம் செப்டம்பர் 15 அன்று நிறைவேற்றியது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் முடிவு சொல்லவில்லை. சேர்க்கைக் காலம் நெருங்கியது. அக்டோபர் 29 அன்று மாநில அரசு தன் நிருவாக அதிகாரத்தைக் கொண்டு அதே ஒதுக்கீட்டை அரசாணையாக வெளியிட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதல் வந்தது. சொலிசிட்டர் ஜெனரலின் சட்டக் கருத்துக்குக் காத்திருந்ததாக ஆளுநர் மாளிகை விளக்கியது. அதை நாம் ஐயுறவில்லை. காத்திருப்பதை முன்னரே ஒரு வரி தெரிவித்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நாற்பத்தைந்து நாள் நிம்மதியாக உறங்கியிருக்கும். அவ்வாண்டே நானூறு பேரளவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதனால் இடம் பெற்றனர். 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நீட் விலக்கு முன்வடிவு மட்டும் பழைய பாதையிலேயே சென்றது. 2021 செப்டம்பரில் புதிதாக நிறைவேற்றப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் ஆர். என். இரவி அதைத் திருப்பி அனுப்பினார். சில நாள்களில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரிடம் சென்றது. மறுக்கப்பட்டதாக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 4 அன்று அவையில் அறிவித்தார். மூன்று ஆண்டுகள்.

நான்கு நாள் கழித்து, வேறு பத்து முன்வடிவுகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவற்றுள் பழையது 2020-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் ஒன்று முதல் மூன்று மாதம்வரை கெடு விதித்த அவர்கள், அப்பத்து முன்வடிவுகளும் ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்றனர். தமிழகத்தில் பலர் இனிப்பு வழங்கினர். மே மாதத்தில் குடியரசுத் தலைவர் இப்பொருள் பற்றி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமித்து விடையளித்தனர்: நீதிமன்றம் கெடு விதிக்க இயலாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுதல்' அரசியலமைப்பில் இல்லை, எனினும் காரணமின்றி, முடிவின்றித் தாமதம் நீண்டால், முடிவு எடுங்கள் என்று மட்டும், என்ன முடிவு என்று சொல்லாமல், நீதிமன்றம் பணிக்கலாம், முன்வடிவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் ஆளுநர் வெறுமனே நிறுத்தி வைக்கவும் கூடாது.

அவ்வாரம் திருப்பலிக்குப் பின் ஒரு முதியவர், "சாமி, கோர்ட்டு பெரிசா, கவர்னர் பெரிசா? ஒரு முடிவு சொல்லுங்க" என்று கேட்டார். யார் பெரியவர் என்பது சீடர்களும் வழியில் வாதிட்ட வினாவாயிற்றே என்று சொல்லிச் சிரித்து அனுப்பலாம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி; விடையும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் தீர்ப்பு மௌனத்தை 'ஆம்' என்று படித்தது. அதன் நோக்கம் நன்று. விளைவோ, ஆளுநரின் பேனாவை நீதிபதி எடுத்துக்கொள்வது. பாண்டியன் அவையை நினைப்பவர் அதை விரும்ப மாட்டார். ஐந்து நீதிபதிகள் அப்பேனாவைத் திருப்பிக் கொடுத்தது சரி என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நவம்பர்க் கருத்தின்படி மௌனத்துக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மாநிலம் வழக்காடி, இத்தாமதம் 'நீண்டது' என்று மெய்ப்பித்து, 'ஏதாவது ஒரு முடிவு சொல்லுங்கள்' என்ற ஆணையைப் பெற வேண்டும். பள்ளியிறுதி முடித்த பிள்ளைக்கு அவ்வளவு காலம் கிடையாது.

மூன்றாவது வழி ஒன்று நம் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உள்ளது. அதன் 57-ஆம் சட்டம் கூறுவது இது: முறையான விண்ணப்பம் வந்து சேர்ந்தால், சட்டம் வேறு காலம் குறிக்காதவிடத்து, அதிகாரி மூன்று மாதத்துக்குள் விடை தர வேண்டும். தராவிட்டால், மேல்முறையீட்டின் பொருட்டு, விடை 'இல்லை' என்றே கொள்ளப்படும். அவ்வாறு கொள்வதனால் அதிகாரி தம் கடமையிலிருந்து விடுபடுவதில்லை; விடையும் தந்தாக வேண்டும்; தாமதத்தால் இழப்பு நேர்ந்திருந்தால் அதை ஈடுசெய்யவும் வேண்டும். நம் அலுவலகங்களில் அந்த மூன்று மாதம் எப்போதும் காக்கப்படுகிறதா என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். சட்டத்தின் அறிவுக் கூர்மையைப் பாருங்கள். மௌனத்தை 'ஆம்' என்று படித்தால் அதிகாரியின் உரிமை பறிபோகும். ஒன்றுமில்லை என்று விட்டால் கேட்டவரின் உரிமை பறிபோகும். 'இல்லை' என்று படித்தால் இருவருடையதும் நிற்கும். கேட்டவர் அடுத்த கதவைத் தட்டலாம்.

நம் அரசியலமைப்பில் அந்த அடுத்த கதவு சட்டமன்றமே. 200-ஆம் பிரிவின்படி ஆளுநர் திருப்பி அனுப்பிய முன்வடிவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால், அவர் ஒப்புதலை நிறுத்தி வைத்தலாகாது. குறித்த காலம் கடந்த மௌனத்தைத் 'திருப்பி அனுப்பியதாக' மட்டும் கருதினால் போதும். நீதிபதி ஆளுநரின் நாற்காலியில் அமர வேண்டியதில்லை. ஆளுநரின் கையெழுத்தை யாரும் போட வேண்டியதில்லை. பொருள் மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குத் திரும்பும். அங்கே மறுபடி வாதிடட்டும். குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கப்பட்ட முன்வடிவுகளுக்கு இவ்வழி முழுதும் உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவை மீண்டும் நிறைவேறினாலும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்று 201-ஆம் பிரிவு சொல்லவில்லை. அங்கே குறைந்த அளவு, மறுப்புக்கான காரணம் எழுத்தில் வர வேண்டும். குழுமூருக்கு எட்டாதது அதுதான்.

கெடு என்பது நம் அரசியலமைப்புக்கு அயலானதும் அன்று. வரைவு அரசியலமைப்பில், முன்வடிவைத் திருப்பி அனுப்ப ஆறு வாரம் என்ற வரம்பு இருந்தது. 1949-இல் அரசியல் நிருணய சபையில் அதை நீக்கி, 'இயன்றவரை விரைவில்' என்ற சொற்களைச் சேர்த்தார்கள். பதவியில் இருப்பவர் பண்பாளராகவே இருப்பார் என்று நம்பினார்கள். ஏழாண்டுக்குப் பின் சாஸ்திரி செய்ததைப் பார்த்தால் அந்நம்பிக்கை பொய்யென்று சொல்லத் தோன்றாது. மத்திய மாநில உறவுகள் பற்றி 1988-இல் சர்க்காரியா ஆணையமும் காலவரம்பு வேண்டும் என்றது. 2010-இல் புஞ்சி ஆணையம் ஆளுநருக்கு ஆறு மாதம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைகள் அச்சாகி அலமாரியில் உள்ளன. நீதிமன்றம் கெடு விதிக்க இயலாது என்று ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்ட பிறகு, விதிக்கக் கூடியது அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றம் ஒன்றே.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வாக்காளர்களுக்கு அந்நாடாளுமன்றத்தில் பெரம்பலூர், சிதம்பரம் என்னும் இரு தொகுதிகளின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். திருவிழாக் காலங்களில் அவர்கள் நம் பங்குகளுக்கு வருவதுண்டு. அப்போது சாலைக்கும் குடிநீருக்கும் கொடுக்கும் மனுக்களோடு, 200, 201-ஆம் பிரிவுகளுக்குக் காலவரம்பு கேட்கும் மனு ஒன்றையும் நம் பங்குப் பேரவையினர் எழுதிக் கொடுக்கலாம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாதத்தை எண்ண அது பயன்படும்.